ஹாரன் அக்காவும் பதினெட்டுக் காற்றும்

ஹாரன் அடிக்காத டிரைவர் என்பதால்தான் அவளுக்கு ஹாரன் அக்கா என்று பெயர் வந்தது. இருபத்தாறு வருடம் நகரப் பேருந்து ஓட்டியவள். லாரி குறுக்கே நின்றாலும் சரி, எதிரே வருகிறவன் வழி விடாமல் முறைத்தாலும் சரி, ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி ஒரு பார்வை பார்ப்பாளே தவிர, கை ஹாரன் பக்கம் போகாது. கணவர் இறந்து ஆறு வருடம் ஆகிறது. ஒரே மகள் கல்யாணமாகி வெகுதூரத்தில் இருக்கிறாள். அவள் வந்து தங்கும் நாட்களில் மறுநாள் காலை முதல் பேச்சே அம்மாவின் குறட்டையைப் பற்றித்தான் இருக்கும். "வண்டியில மிச்சம் பிடிச்ச ஹாரனையெல்லாம் அம்மா வீட்டுல அடிச்சுத் தீர்க்கறாங்க" என்பாள்.

டிப்போவில் பேருந்து இருக்கைகளுக்கு உறை தைக்கிறவளுக்கு அக்காவைவிடப் பதினான்கு வயது குறைவு. எல்லோரும் அவளைச் சீட்டு என்றுதான் கூப்பிடுவார்கள். நாள் முழுக்கச் சீட்டு கொடுக்கிற கண்டக்டர்களுக்கு வராத பெயர் தனக்கு எப்படி வந்தது என்று அவளும் ஆரம்பத்தில் சண்டை போட்டுப் பார்த்து, பிறகு விட்டுவிட்டாள். பதினோரு வருடத்துக்கு முன் டிரைவர் இருக்கையின் பஞ்சு அமுங்கி இடுப்பு வலிக்கிறது என்று அக்கா தையல் அறைக்கு வந்தாள். சீட்டு அளவெடுத்து, பழைய பஞ்சைப் பிடுங்கிவிட்டுப் புதிதாக வைத்துக் கொடுத்தாள். அன்றிலிருந்து பத்தரை மணித் தேநீருக்கு இரண்டு பேரும் சேர்ந்துதான் போவார்கள். வீடுகளும் அடுத்தடுத்த தெரு.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு, மழையில்லாத, நேரான, காலியான சாலையில் அக்காவின் பேருந்து நடுச்சுவர் மேல் ஏறி விளக்குக் கம்பத்தில் மோதி நின்றது. உள்ளே முப்பத்துநான்கு பேர். ஒருவருக்கு முன்பல் உடைந்தது. மற்றவர்களுக்குச் சிராய்ப்போடு போயிற்று. "பிரேக் பிடிக்கலை" என்று அக்கா சொன்னாள். பட்டறையில் பார்த்தார்கள், பிரேக் நன்றாகத்தான் இருந்தது. கண்டக்டர் இரண்டு நாள் வாயைத் திறக்கவில்லை. மூன்றாம் நாள் மேலாளர் அறைக்குப் போய், தரையைப் பார்த்தபடி, "அக்கா கண்ணு மூடியிருந்துச்சு சார்" என்று சொல்லிவிட்டு வந்தான்.

ஆஸ்பத்திரியில் ஒரு ராத்திரி உடம்பெல்லாம் ஒயர் ஒட்டித் தூங்க வைத்துப் பரிசோதித்தார்கள். தூக்கத்தில் அக்காவுக்கு மணிக்கு அறுபத்திரண்டு தடவை மூச்சு நிற்கிறது என்று தெரிந்தது. அதிகபட்சம் ஐம்பத்தொரு விநாடி. தொண்டை தளர்ந்து மூடிக்கொள்கிறது, மூளை பதறி எழுப்பிவிடுகிறது, இப்படியே விடிய விடிய நடப்பதால் பகலில் கண் தானாகச் செருகுகிறது என்று தூக்க டாக்டர் விளக்கினார். தொண்டையைத் திறந்து வைக்க மூக்கிலும் வாயிலும் காற்றைச் செலுத்தும் ஒரு மெஷின் கொடுத்தார். அழுத்தம் பதினெட்டு. அந்த மெஷினின் உச்சமே இருபதுதான். மெஷினுக்குள் இருக்கும் சின்ன அட்டையில் எல்லாம் பதிவாகும். முப்பது நாளில் குறைந்தது இருபத்தொரு நாள், நாளுக்கு நாலு மணி நேரம் போட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் பேருந்து ஓட்டும் உரிமம் ரத்து. அதுவரைக்கும் அக்காவைப் பயணிகள் தொலைத்த பொருட்களை வைக்கும் அறையில் உட்கார வைத்தார்கள். குடைகள், சாப்பாட்டு டப்பாக்கள், ஒற்றைச் செருப்புகளோடு அக்கா.

"பழகிட்டு வருதுடி" என்றுதான் தினமும் சொல்லிக்கொண்டிருந்தாள். சீட்டும் நம்பினாள்.

பத்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை மதியம் சீட்டு அக்கா வீட்டுக்குப் போனாள். பேசிக்கொண்டிருக்கும்போதே, வாக்கியத்தின் பாதியில், நாற்காலியிலேயே அக்காவின் தலை சாய்ந்தது. குறட்டை தொடங்கியது. சிரித்துக்கொண்டே எழுந்து ஜன்னல் திரையை இழுத்துவிடப் போன சீட்டு, சத்தம் சட்டென்று அறுபட்டதும் திரும்பினாள். அக்காவின் நெஞ்சு ஏறப் பார்த்தது. வயிறு உள்ளே இழுத்தது. ஆனால் காற்று போகவும் இல்லை, வரவும் இல்லை. சுவர்க் கடிகாரத்தின் விநாடி முள்ளை அவளையறியாமல் பார்க்கத் தொடங்கினாள். பத்து. இருபது. உதடு மங்கிக்கொண்டு வந்தது. முப்பது. எழுப்பலாமா என்று கை நீண்டது. முப்பத்தெட்டில், தண்ணீருக்குள்ளிருந்து தலையைத் தூக்கியவள் மாதிரி ஒரு பெரிய இழுப்போடு அக்கா மூச்செடுத்தாள். கண் திறக்கவில்லை. மறுபடி குறட்டை. மறுபடி நிசப்தம்.

சீட்டு கிட்டே ஓடினாள். தோளைப் பிடித்து உலுக்கி எழுப்பினாள்.

"மெஷின் எங்கக்கா?"

அக்கா கட்டிலுக்கடியைக் காட்டினாள். குழாயைச் சுருட்டி, மறுபடி ரப்பர் வளையம் போட்டு, பெட்டிக்குள்ளேயே வைத்திருந்தாள்.

"இதுவரைக்கும் எத்தனை மணி நேரம் போட்டீங்க?"

"மணி நேரமா? மொத்தமா நாப்பது நிமிஷம் இருக்கும்."

சீட்டு மெஷினை எடுத்து மேசைமேல் வைத்து, ஒயரைச் செருகி, மாஸ்க்கை அக்காவின் முகத்தில் பொருத்தினாள். காற்று பக்கவாட்டில் சீறியது. பட்டைகளை இழுத்து இறுக்கினாள். இன்னும் சீறியது. இன்னும் இறுக்கினாள். அக்காவின் கண்கள் பெரிதாகின. ஏழெட்டு மூச்சுகூடப் போயிருக்காது, இரண்டு கையாலும் மாஸ்க்கைப் பிடுங்கி எறிந்தாள். குழாய் சுழன்று மேசையிலிருந்த கண்ணாடி டம்ளரைத் தட்டிவிட்டது.

"என்னால முடியாதுடி. விட்டுடு."

"அவ்வளவு பெரிய வண்டியைத் திருப்பற கை. ஒரு பிளாஸ்டிக் மூடிக்கு இப்படி நடுங்குதே" என்றாள் சீட்டு, கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கியபடி.

அக்கா குனிந்து ஒரு துண்டை எடுத்துக் கொடுத்தாள். பிறகு, பக்கத்து அறையில் யாரோ இருப்பதுபோலக் குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "நீ போட்டுக்கிறியா?"

"என்னது?"

"தினம் நாலு மணி நேரம். உன் வீட்டுக்கு எடுத்துட்டுப் போ. அட்டைக்கு யாரு மூச்சுன்னு தெரியவா போகுது? இருபத்தொரு நாள்தான். எனக்கு ரிட்டயர்மென்ட்டுக்கு ரெண்டு வருஷம் இருக்கு. ஒத்தச் செருப்புக்குக் காவல் இருந்து நான் வெளியில போகணுமா, சொல்லு."

சீட்டு மாட்டேன் என்று சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை. மெஷினைப் பையில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

வீட்டில் யாரும் இல்லை. கணவர் மகளைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போயிருந்தார். கதவைத் தாழிட்டு, படுக்கையில் உட்கார்ந்து, மாஸ்க்கை மாட்டிக்கொண்டு பொத்தானை அமுக்கினாள்.

ஓடுகிற பேருந்தின் ஜன்னலில் தலையை நீட்டியதுபோல் இருக்கும் என்று நினைத்திருந்தாள். அப்படி இல்லை. ஜன்னல் அவள் வாய்க்குள் புகுந்துவிட்டதுபோல் இருந்தது. மூச்சை உள்ளே இழுக்க வேண்டிய வேலையே இல்லை. அது தானாகவே திணித்துக்கொண்டு வந்தது. வெளியே விடுவதுதான் பெரும்பாடு. யாரோ கதவை அந்தப் பக்கமிருந்து தள்ளிக்கொண்டிருக்க, இவள் இந்தப் பக்கமிருந்து தள்ளித் திறப்பது மாதிரி. கன்னம் உப்பியது. காற்று வயிற்றுக்குள் இறங்கி ஏப்பமாக வந்தது. கண்ணோரத்தில் ஒரு கசிவு ஊசிபோல் குத்தியது. அக்காவை வாய்க்கு வந்தபடி பேசினோமே என்று நாக்கைக் கடித்துக்கொள்ளலாம் என்றால், நாக்கு எங்கே இருக்கிறதென்றே தெரியவில்லை.

பத்தொன்பது நிமிடம் தாக்குப்பிடித்தாள். அதற்குள் வேறொரு நினைப்பு வந்துவிட்டது. இந்தப் பத்தொன்பது நிமிடம் அட்டையில் ஏறிக்கொண்டிருக்கிறது. இதுவே நாலு மணி நேரமானால், இருபத்தொரு நாளானால், டாக்டர் கையெழுத்துப் போடுவார். அக்கா மறுபடி அந்த இருக்கையில் உட்காருவாள், அதே அறுபத்திரண்டோடு. அந்தத் தடத்தில்தான் சீட்டின் மகள் காலேஜுக்குப் போகிறாள். மகள் போகாவிட்டாலும் யாரோ ஒருவருடைய மகள் போவாள்.

மாஸ்க்கைக் கழற்றினாள். பொழுது சாய்வதற்குள் மெஷினைத் தூக்கிக்கொண்டு அக்கா வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"போட்டுப் பார்த்தேன்க்கா. நீங்க சொன்னது நிஜம். அது மனுஷங்க தாங்கற மாதிரி இல்லை. ஆனா நான் உங்களுக்காகப் போட்டுக்க மாட்டேன்."

அக்காவின் முகம் இறுகியது. "அப்ப என் சீட்டைக் கிழிக்கறதுன்னு முடிவு பண்ணிட்டே. தைக்கறவளே கிழிச்சா யாருகிட்டப் போய்ச் சொல்றது."

மெஷினை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினாள்.

மூன்று நாள் பேச்சு இல்லை. பத்தரைக்குத் தேநீர்க் கடையில் அக்கா அந்தக் கோடியில் நின்று குடித்தாள். சீட்டு இந்தக் கோடியில் நின்றாள். கண்டக்டர்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு நைசாக நகர்ந்தார்கள். சீட்டுக்குத் தையலில் மனசு ஒட்டவில்லை. ஒரு முழு இருக்கை உறையை உள்பக்கம் வெளியே வரும்படி தைத்து வைத்து, மறுபடி பிரித்தாள். நாட்கள் போய்க்கொண்டிருந்தன. பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்று. அக்கா மெஷின் போடுவதில்லை என்று நாமே மேலாளரிடம் போய்ச் சொல்லிவிடலாமா என்றுகூட நினைத்தாள். நினைத்ததற்கே வெட்கமாக இருந்தது.

பதினாலாம் நாள் முற்பகல், தொலைந்த பொருட்கள் அறையில் ஏதோ விழும் சத்தம் கேட்டது. சீட்டு ஓடினாள். உட்கார்ந்தபடியே தூங்கி, நாற்காலியிலிருந்து சரிந்து, இரும்பு அலமாரியின் விளிம்பில் அக்காவின் புருவம் கிழிந்திருந்தது. சீட்டு கையிலிருந்த புதுத் துணியை மடித்து அழுத்திப் பிடித்தாள். சிவப்பு ஊறி வந்தது. இரண்டு பேரும் தரையில் குடைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார்கள்.

"அவருக்கும் இதே மாஸ்க்தான் போட்டாங்க" என்றாள் அக்கா திடீரென்று.

சீட்டு கையை எடுக்கவில்லை.

"கடைசி மூணு நாள். ஐசியூவுல. அவர் பிடுங்கிப் பிடுங்கி எறிவார். நர்ஸ் வந்து, அம்மா, கையைப் பிடிச்சுக்கங்க, எடுக்க விடாதீங்கன்னு சொன்னா. பிடிச்சேன். ஸ்டியரிங் பிடிச்ச கையில்ல, விடுமா? அவர் என்னையே பார்த்தார். ஏதோ சொல்லணும்னு வாயை அசைச்சார், காத்து அடிக்கற சத்தத்துல ஒண்ணும் கேக்கலை. நான் கையை விடலை. அப்படியே போயிட்டார்." கொஞ்சம் நிறுத்தினாள். "அந்த மூடி முகத்துல உக்காந்ததும் அவர் என்னைப் பார்த்தது புரியுதுடி. என்ன சொல்ல வந்தார்னு மட்டும் இன்னும் புரியலை."

சீட்டு துணியை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருந்தாள். ரத்தம் நின்ற பிறகு மெதுவாகச் சொன்னாள். "உங்க கையை யாரும் பிடிக்க மாட்டாங்கக்கா. நான் பிடிக்க மாட்டேன். டாக்டர்கிட்டப் போலாம், வாங்க."

டாக்டர் அட்டையைக் கணினியில் போட்டுப் பார்த்துவிட்டு முகம் சுளித்தார். அவர் கேட்பதற்கு முன் சீட்டே சொல்லிவிட்டாள். "சார், அதுல ஞாயித்துக்கிழமை சாயங்காலம் பத்தொன்பது நிமிஷம் என் மூச்சு."

டாக்டர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அக்கா தலைகுனிந்தாள்.

"இன்னொரு தடவை இது நடந்தா, நான் எந்தக் காகிதத்துலயும் கையெழுத்துப் போட மாட்டேன்" என்றார். குரல் உயரவில்லை. பிறகு மாஸ்க்கைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "இதை யாரு அளவு பார்த்துக் கொடுத்தாங்க?"

யாரும் பார்க்கவில்லை. டெலிவரி கொடுக்க வந்தவர் பெட்டியை வைத்துவிட்டுப் போயிருக்கிறார். மாஸ்க் ஒரு அளவு பெரிது. பட்டையை இறுக்க இறுக்க ரப்பர் நசுங்கி இன்னும் கசியத்தான் செய்யுமாம். அதுபோக, முதலில் குறைவாகத் தொடங்கி முக்கால் மணி நேரத்தில் மெல்ல ஏறும்படி ஒரு வசதி இருக்கிறது. அதையும் அணைத்தே வைத்திருந்தார்கள். முதல் விநாடியே பதினெட்டு. டாக்டர் சின்ன மாஸ்க்கும் வேறு மெஷினும் எழுதினார். உள்ளே இழுக்கும்போது பதினெட்டு, வெளியே விடும்போது பன்னிரண்டு.

"நாள் கணக்கை அப்புறம் பார்க்கலாம். முதல் வாரம் தூங்கவே வேண்டாம்" என்றார். "பகல்ல, முழிச்சிருக்கும்போது, உக்காந்துக்கிட்டு, கையால பிடிச்சு வெச்சுப் பாருங்க. போதும்னா எடுத்துடுங்க."

மறுநாளிலிருந்து வேலை முடிந்ததும் சீட்டு அக்கா வீட்டுக்கு வந்தாள். முதல் நாள் மாஸ்க்கைப் பட்டையில்லாமல் முகத்தில் வைத்து ஐந்து மூச்சு. எடுத்துவிட்டு ஐந்து மூச்சு. மறுநாள் பத்து. பட்டையை மாட்டியதும் மட்டும் அக்காவின் கை தானாக மேலே வந்தது. பின்னந்தலைக் கொக்கியைத் தேடித் தடவி, கிடைக்காமல் பதறினாள். சீட்டு அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அடுத்த நாள் ஊசி நூலோடு வந்தாள். கன்னத்துப் பக்கக் கொக்கியில் சிவப்பு ரெக்சினில் ஒரு சின்ன வளையம் வைத்துத் தைத்தாள். ஒரு விரலை நுழைத்து இழுத்தால் மாஸ்க் முழுசாகக் கையோடு வந்துவிடும். பட்டை கன்னத்தில் பதியாமலிருக்க உள்ளே மெத்தென்று துணியும் கொடுத்தாள்.

"நம்ம வண்டியில அவசர வழின்னு சிவப்பா எழுதி வெச்சிருக்கோமே, அது மாதிரி" என்றாள்.

அக்கா கண்ணை மூடிக்கொண்டு இழுத்துப் பார்த்தாள். வந்துவிட்டது. மாட்டினாள். இழுத்தாள். வந்தது. பத்துப் பதினைந்து தடவை இதையே செய்தாள். பிறகு மாட்டிக்கொண்டு, இழுக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

இருபத்திரண்டாம் நாள் சாயங்காலம்தான் முதன்முதலாகப் படுத்தாள். சீட்டு கைக்கெட்டாத தூரத்தில், சுவரோரம் நாற்காலி போட்டு, மடியில் தையலோடு உட்கார்ந்தாள். கையைப் பிடிக்க மாட்டேன் என்று சொல்லியாகிவிட்டது. அழுத்தம் மெல்ல ஏறியது. அக்காவின் விரல் சிவப்பு வளையத்துக்குள்ளேயே இருந்தது. கால் மணி நேரம். காற்றின் சத்தம் கனத்தது. அக்காவின் தோள் திடுக்கென்று தூக்கியது. விரல் வளையத்தை அரை அங்குலம் இழுத்தது; கொக்கி நகர்ந்தது. சீட்டு ஊசியை அப்படியே பிடித்துக்கொண்டு, 'வேண்டாம்க்கா' என்று வந்த வார்த்தையைத் தொண்டையிலேயே நிறுத்தினாள். இழுத்தால் இழுக்கட்டும். அக்காவின் கண் திறந்து அவளைத் தேடியது. சீட்டு தலையை மட்டும் அசைத்தாள், எடுப்பதாக இருந்தாலும் சரி, இருப்பதாக இருந்தாலும் சரி என்பதுபோல. அக்கா மூச்சை விட்டாள். நீளமாக, கடைசி வரை விட்டாள். இழுப்பை மெஷின் பார்த்துக்கொண்டது.

அரை மணியில் விரல் வளையத்திலிருந்து நழுவி மெத்தைமேல் விழுந்தது.

சீட்டு கடிகாரத்தைப் பார்த்தாள். நிசப்தத்துக்காகக் காத்திருந்தாள். நெஞ்சு ஏறியது, இறங்கியது. பத்து விநாடி, இருபது விநாடி என்று எண்ண எதுவும் கிடைக்கவில்லை. பயம் போகாமல் இன்னும் கொஞ்சம் கிட்டே போய்க் குனிந்து பார்த்தாள். உதடு மங்கவில்லை. இரண்டு மணி நேரம் பத்து நிமிடம் அக்கா அசையாமல் தூங்கினாள். அதுவரை சீட்டு ஒரு தையல்கூடப் போடவில்லை.

இதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. அன்று ராத்திரியே அக்கா ஒன்றரை மணி நேரத்தில் கழற்றிவிட்டாள். அடுத்த நாள் மூக்கு அடைத்துக்கொண்டது. வாய் காய்ந்து காலையில் பேச்சே வரவில்லை. மெஷினில் தண்ணீர் ஊற்றும் தொட்டி ஒன்று இருப்பது அப்புறம்தான் தெரிந்தது. முப்பதாம் நாள் கணக்குப் பார்த்தபோது, நாலு மணி நேரம் தாண்டிய நாட்கள் ஐந்துதான். வேண்டியது இருபத்தொன்று.

உரிமத்தை ரத்து செய்து ஃபைலை மூடிவிடலாம் என்றார் மேலாளர். டாக்டரின் அறைக்கு வெளியே பெஞ்சில் அக்காவும் சீட்டும் ஒன்றேகால் மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே டாக்டர் டிப்போவுக்குத் தொலைபேசியில் பேசுவது கேட்டது; என்ன பேசுகிறார் என்று கேட்கவில்லை. அக்கா பையின் ஜிப்பைத் திறந்து திறந்து மூடினாள்.

"ஜிப்பு போயிடும்க்கா. நான்தான் தைக்கணும்" என்றாள் சீட்டு.

அக்கா சிரிக்கவில்லை.

டாக்டர் வெளியே வந்து, கடைசி எட்டு நாள் ஏறுமுகத்தில் இருப்பதால் இன்னும் முப்பது நாள் கொடுக்கச் சொல்லியிருப்பதாகச் சொன்னார். அதற்குமேல் ஒரு நாள்கூடக் கிடையாது. புதுக் கணக்கு, முதலிலிருந்து.

அந்த முப்பதில் அக்கா இருபத்தாறு நாள் போட்டாள். அதற்கப்புறம் ஒரு முழுப் பகல் ஆஸ்பத்திரியின் அமைதியான அறையில் உட்கார வைத்து, கண் செருகுகிறதா என்று பார்த்தார்கள். செருகவில்லை. ஒரு மாதம் டிப்போவுக்குள் வண்டிகளை நகர்த்தி நிறுத்தும் வேலை கொடுத்தார்கள். பிறகுதான் ஒரு காலை ஷிப்டில் பழைய தடத்தையே கொடுத்தார்கள்.

அன்று சீட்டு விடுப்பு எடுத்துக்கொண்டு, யாருக்கும் சொல்லாமல், கடைசி வரிசையில் ஏறி உட்கார்ந்தாள். பயணிகளுக்கு மேலே இருந்த கண்ணாடியில் அக்காவின் கண் தெரிந்தது. சிக்னலுக்குச் சிக்னல் சீட்டு அதையே பார்த்தாள். அன்று மோதிய விளக்குக் கம்பம் வந்தபோது அவள் முன் இருக்கைக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். வண்டி அதைத் தாண்டிப் போய்விட்டது. கடைசி நிறுத்தத்தில் எல்லோரும் இறங்கியதும் அக்கா கண்ணாடியைப் பார்த்துக் கேட்டாள்.

"என்னடி, டிக்கெட் வாங்கினியா, இல்லை ஓசியா?"

சீட்டுக்குச் சிரிப்பு வருவதற்கு முன் அழுகை வந்துவிட்டது.

அக்கா இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கிறாள். காலையில் கன்னத்தில் பட்டையின் தடம் லேசாகத் தெரியும். கேட்கிறவர்களிடம் மறைக்காமல் சொல்கிறாள். அவள் சொல்லித்தான் டிப்போவில் இரண்டு டிரைவர்கள் பரிசோதனைக்குப் போனார்கள். ஒருவருக்கு ஒன்றும் இல்லை. இன்னொருவருக்கு மணிக்கு நாற்பது. மாதத்தில் ஓரிரு நாள் அக்காவும் மாஸ்க்கைக் கழற்றி எறிந்துவிடத்தான் செய்கிறாள். அப்படிப்பட்ட நாட்களில் காலையில் நேராக மேலாளர் அறைக்குப் போய், இன்றைக்கு வண்டி வேண்டாம் என்று சொல்லிவிட்டு, தையல் அறையில் வந்து உட்கார்ந்து சீட்டுக்கு நூல் கோத்துக் கொடுக்கிறாள்.